பழைய வீட்டில் பெல்லட் பாய்லர்: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டறிதல்

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் 1950களுக்கும் 1970களுக்கும் இடையில் கட்டப்பட்ட வீடுகளில், எண்ணெய் பாய்லர் நின்ற நிலக்கீழ் அறையில் இப்போது மரப் பெல்லட் பாய்லர் நிற்பதையும், எண்ணெய்த் தொட்டி இருந்த அறை பெல்லட் கிடங்காக மாறியிருப்பதையும் பரவலாகக் காணலாம். பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளை. அதை எரித்து, அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்குச் செல்லும் நீரைச் சூடாக்குவது இந்தப் பாய்லர். அந்நாடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இத்தகைய வீடுகளை வாங்குகின்றன. எண்ணெயோ எரிவாயுவோ எரிக்கும் கருவியோடு பழகியவர்களுக்கு இது முற்றிலும் வேறு இயல்புடையது. திட எரிபொருள் என்பதால் இதில் சாம்பலும் தூசியும் உண்டு. நிறுத்திய பிறகும் தணல் சிறிது நேரம் கனன்றுகொண்டிருக்கும். திரையில் பிழைச் செய்தி தோன்றியதும் ரீசெட் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்க்கும் பழக்கம் இங்கு உதவாது. சில வேளைகளில் ஆபத்தாகவும் முடியும்.

இந்தக் கருவியில் அறிகுறி தோன்றும் இடமும் பழுது இருக்கும் இடமும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கின்றன. திரை பற்றவைப்புப் பிழை என்று சொல்லும்போது, குற்றம் கிடங்கின் அடியில் தேங்கிய தூளில் இருக்கக்கூடும். வீடு குளிர்கிறது என்று பாய்லரைக் குறை சொல்லும்போது, குற்றம் அறுபது ஆண்டுப் பழைய ரேடியேட்டர் குழாய்களில் இருக்கக்கூடும். ஆகவே அறிகுறி தோன்றிய இடத்திலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். பெல்லட் வரும் வழி, காற்று வரும் வழி, சூடான நீர் போய்த் திரும்பும் வழி ஆகிய மூன்றும் மனத்தில் தெளிவாக இருந்தால், கீழே சொல்லப்படும் எதையும் எளிதாகப் பின்பற்றலாம்.

எதையும் திறப்பதற்கு முன்

பாய்லரை எப்போதும் திரையிலுள்ள நிறுத்தும் கட்டளையால்தான் நிறுத்த வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்தால் புகைவிசிறி நின்றுவிடும். தணலிலிருந்து எழும் புகைவாயு வெளியேற வழியின்றி அறைக்குள்ளேயே திரும்பும். தணல் முழுவதும் எரிந்து, விசிறி தானாக நின்று, கருவி ஆறிய பிறகுதான் மின்சாரத்தைத் துண்டித்துக் கதவைத் திறக்க வேண்டும்.

கிடங்கின் ஆபத்து இதைவிடப் பெரியது. மரத்திலுள்ள கொழுப்பு அமிலங்களும் பிசினும் காற்றோடு வினைபுரிவதால், பெல்லட் குவியல் எரியாமலேயே கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு வாசனையும் நிறமும் இல்லை. கிடங்கை நிரப்பிய முதல் சில வாரங்களில் இந்த வெளியேற்றம் மிகுதி. 2010இல் ஜெர்மனியிலும் 2011இல் சுவிட்சர்லாந்திலும் பெரிய பெல்லட் கிடங்குகளுக்குள் நுழைந்தவர்கள் இந்த வாயுவால் உயிரிழந்தார்கள். வீட்டுக் கிடங்கு சிறியது என்று எண்ணி அலட்சியம் செய்யக்கூடாது. பாய்லரை நிறுத்தி, கிடங்குக் கதவை நெடுநேரம் திறந்து வைத்துக் காற்றோட்டம் தந்து, கார்பன் மோனாக்சைடு அளவுமானியைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே ஒருவரை நிற்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லாரியிலிருந்து பெல்லட்டை ஊதும் நிரப்பு குழாய்களின் மூடிகள் காற்றோட்டத் துளையுள்ளவையாக இருக்க வேண்டும். அழகுக்காகவோ பூச்சிக்குப் பயந்தோ அவற்றை இறுக அடைத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பாய்லர் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும்.

அறிகுறி: பற்றவைப்புப் பிழை

பற்றவைக்கும்போது, பெல்லட்டைத் தள்ளும் சுழல்திருகான ஸ்க்ரூ சிறிதளவு பெல்லட்டை எரிதட்டுக்குக் கொண்டுவருகிறது. ஏறத்தாழ 250 முதல் 300 வாட் வரையிலான செராமிக் இக்னைட்டர் அதைச் சூடாக்குகிறது. விசிறி காற்றை இழுக்கிறது. குறித்த நிமிடங்களுக்குள் புகைவாயுவின் வெப்பம் ஏறவில்லை என்றாலோ, புகைவாயுவிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சார் அது குறைவதைக் காணவில்லை என்றாலோ, கட்டுப்பாட்டுப் பெட்டி பிழை என்று அறிவிக்கிறது.

முதல் வேலை, கதவைத் திறந்து எரிதட்டைப் பார்ப்பது. அங்கு காண்பதுதான் அடுத்த வழியைத் தீர்மானிக்கும். தட்டு வெறுமையாக இருந்தால் இக்னைட்டருக்கும் இந்தப் பிழைக்கும் தொடர்பில்லை. பெல்லட் வந்து சேராத அறிகுறிக்குப் போகுங்கள். பெல்லட் நிறையக் கிடந்து சிறிதும் கருகாமல் இருந்தால் இக்னைட்டர் வேலை செய்யவில்லை. கருகிப் புகைந்து, ஆனால் சுடர் எழாமல் நின்றிருந்தால் காற்றுக் குறைவு அல்லது ஈரம். நன்றாக எரிந்து சாம்பலாகியும் பிழை வந்திருந்தால், சுடரை அறியும் சென்சாரில் சாம்பல் படிந்திருக்கிறது.

மீண்டும் முயலுமுன் எரிதட்டில் கிடக்கும் பெல்லட்டைக் கட்டாயம் அள்ளி வெளியேற்றுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒவ்வொரு தோல்வியின்போதும் மேலும் ஒரு கை பெல்லட் சேர்கிறது. ரீசெட்டைத் தொடர்ந்து அழுத்தினால் குவியல் பெருகி, அரைகுறையாகச் சூடேறி, எரியக்கூடிய வாயுவால் எரியறையை நிரப்புகிறது. பிறகு சுடர் எழும்போது அந்த வாயு ஒரே நொடியில் பற்றிக் கதவையும் புகைக்குழாயையும் அதிரச் செய்கிறது. எரியறை வெண்புகையால் நிறைந்திருப்பதைக் கண்டால் கதவைத் திறக்காதீர்கள். விசிறியை ஓடவிட்டுப் புகை அகலும்வரை காத்திருங்கள். அள்ளிய பெல்லட்டை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். உள்ளே தணல் ஒளிந்திருக்கலாம்.

இக்னைட்டரின் சூடான காற்று வரும் துளை சாம்பலால் அடைபடுவது மிகப் பொதுவான காரணம். மெல்லிய கம்பியால் தூர்வாரினால் போதும். துளை திறந்திருந்தும் பற்றவில்லை என்றால், மின்சாரத்தைத் துண்டித்து இணைப்பைக் கழற்றி மல்ட்டிமீட்டரால் மின்தடையை அளக்கலாம். 230 வோல்ட்டில் 300 வாட் இக்னைட்டர் ஏறக்குறைய 175 ஓம் காட்டும். மீட்டர் எல்லையற்ற தடையைக் காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. இக்னைட்டர் தேய்ந்துபோகும் பாகம். கைவசம் ஒன்று வைத்திருப்பது நல்லது. மின் இணைப்பில் பழக்கமில்லாதவர்கள் இந்த அளவீட்டைத் தொழில்நுட்பரிடம் விட்டுவிட வேண்டும்.

காற்றைப் பொறுத்தவரை பழைய வீடுகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. முன்பு சன்னல் இடுக்குகள் வழியே காற்று தாராளமாக வந்துகொண்டிருந்தது. புதிய இறுக்கமான சன்னல்களைப் பொருத்திய பிறகு, நிலக்கீழ் அறைக்குக் காற்று வரும் வழி அடைபட்டுவிடுகிறது. அதற்கு மேல் சமையலறைப் புகையுறிஞ்சியும் துணி உலர்த்தியும் ஓடும்போது வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து, புகைபோக்கியின் இழுவைக்கு எதிராக வேலை செய்கிறது. சோதனை எளிது: பாய்லர் அறையின் சன்னலைத் திறந்து வைத்துப் பற்றவையுங்கள். உடனே பற்றினால் குற்றம் கருவியில் இல்லை. வெளியிலிருந்து வரும் காற்றுத் துளை ஜெர்மனியின் வழக்கமான விதிப்படி 150 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதன்முன் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பதைப் பல வீடுகளில் காண முடிகிறது. கதவின் கேஸ்கெட்டையும் பாருங்கள். ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்கும்போது தடையின்றி வந்துவிட்டால், அந்த இடத்தில் வேண்டாத காற்று புகுகிறது.

அறிகுறி: பெல்லட் வந்து சேரவில்லை

கிடங்கிலிருந்து வளையும் குழாய் வழியே பெல்லட்டை டர்பைன் உறிஞ்சி, பாய்லரோடு ஒட்டிய சிறுதொட்டியில் போடுகிறது. சில வீடுகளில் கிடங்கின் அடியில் ஸ்க்ரூ ஓடும். சிலவற்றில் உறிஞ்சுமுனைகள் தரையில் பதிக்கப்பட்டிருக்கும். எந்த அமைப்பாக இருந்தாலும், திரையைப் பார்ப்பதைவிடக் குழாயருகே நின்று காதால் கேட்பது விரைவில் விடை தரும்.

பெல்லட் ஓடும்போது குழாய்க்குள் தெளிவான சலசலப்பு கேட்கும். சலசலப்பு இல்லாமல் டர்பைனின் ஒலி வழக்கத்தைவிடக் கூர்மையாக ஏறினால், காற்றே நகரவில்லை என்று பொருள்: குழாயிலோ சிறுதொட்டியின் மேலுள்ள வடிகட்டிச் சல்லடையிலோ அடைப்பு இருக்கிறது. சலசலப்பு இல்லாமல் ஒலி இயல்பாக இருந்தால், காற்று மட்டும் வருகிறது: உறிஞ்சுமுனையின் மேல் பெல்லட் குகைபோல் வளைந்து நின்றுவிட்டது, அல்லது குழாய் எங்கோ கழன்றுவிட்டது. டர்பைன் ஒலியே எழுப்பவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது அளவுக்கு மீறி ஓடிச் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆறவிட்டு ஒருமுறை பாருங்கள். திரும்பவும் நின்றால் தொடர்ந்து ஓட வைக்காதீர்கள், ஏனெனில் எங்கோ உள்ள அடைப்புதான் அதை அவ்வாறு உழைக்க வைக்கிறது.

அடைப்பைத் தேட, முதலில் சல்லடையைத் துடைத்துவிட்டு, குழாயைப் பாய்லர் பக்கத்தில் கழற்றி, உறிஞ்சலைத் தலைகீழாக மாற்றி ஓட்டலாம். பல அமைப்புகளில் போகும் குழாயையும் காற்றுத் திரும்பும் குழாயையும் இடம் மாற்றினாலே அடைபட்ட கட்டி பின்னோக்கி வந்துவிடும். குழாய் வளைவுகளை உள்ளிருந்து பெல்லட் தேய்த்துக்கொண்டே இருப்பதால், ஆண்டுகள் செல்லச் செல்ல வளைவின் வெளிப்புறம் மெலிந்து ஓட்டை விழும். அந்த ஓட்டையைச் சுற்றி மரத்தூள் மெல்லியதாகப் படிந்திருக்கும். குழாயை மாற்றும்போது அதனுள் ஓடும் செப்புக் கம்பியைத் தரையிணைப்பில் இணைக்க மறக்கக்கூடாது. இல்லையேல் உராய்வில் நிலைமின்னேற்றம் சேர்ந்து கட்டுப்பாட்டுப் பெட்டியைக் குழப்பும். சுவரைக் குழாய் கடக்கும் இடத்திலுள்ள தீத்தடுப்புக் காலரையும் அப்படியே திரும்பப் பொருத்த வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மாதந்தோறும் அடைப்பு ஏற்படுமானால், விடை கிடங்கின் அடியில் இருக்கிறது. இந்தக் கருவியின் தொல்லைகளில் பெரும்பங்கு தூளால் வருவது என்பது என் உறுதியான கருத்து. பெல்லட்டுக்கான தரச்சான்றான ஈஎன்பிளஸின் ஏ1 தரத்தில், லாரியில் ஏற்றும்போது 3.15 மில்லிமீட்டருக்குக் குறைந்த தூள் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நீளம் 40 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஆனால் லாரியிலிருந்து காற்றழுத்தத்தில் ஊதும்போதுதான் பெல்லட் உடைகிறது. ஊதும் குழாய் 30 மீட்டரைத் தாண்டினால், இடையில் கூர்மையான வளைவுகள் இருந்தால், நிரப்பு குழாய்க்கு எதிரே தொங்க வேண்டிய ரப்பர் விரிப்பு கிழிந்தோ விழுந்தோ இருந்தால், பெல்லட் நேராகச் சுவரில் மோதித் தூளாகிறது. எண்ணெய்த் தொட்டி அறையைக் கிடங்காக மாற்றிய வீடுகளில் அறை குறுகலாக இருப்பதால் இந்த விரிப்பு மிகவும் இன்றியமையாதது. அது எதிர்ச்சுவரிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தள்ளித் தொங்க வேண்டும். அடுத்த நிரப்புதலுக்கு முன் விளக்கடித்துப் பாருங்கள்.

தூள் அடியில் தங்குவதால், பழைய பெல்லட்டின் மேல் புதியதை ஊதிக்கொண்டே போனால் தூள் ஆண்டுதோறும் சேர்ந்து உறிஞ்சுமுனைகளைப் புதைக்கிறது. சில நிரப்புதல்களுக்கு ஒருமுறையாவது, கோடையின் தொடக்கத்தில், கிடங்கை முழுவதும் காலியாக விட்டுத் துப்புரவு செய்யுங்கள். அப்போது சாய்தளத்தையும் கவனியுங்கள். பலகைச் சரிவு 35 பாகைக்குக் குறைந்தாலோ, பரப்பு சொரசொரப்பாக இருந்தாலோ, பெல்லட் கீழே வழுக்காமல் ஓரங்களில் நின்றுவிடும். கிடங்கில் அரை டன் இருக்கும்போதே கருவி காலி என்று சொல்லும். பழைய நிலக்கீழ் அறைகளின் வெளிச்சுவர் வேர்வையோ மழைநீர்க் கசிவோ காட்டினால், பெல்லட் அந்தச் சுவரைத் தொடக்கூடாது. ஈரம் பட்ட பெல்லட் ஊதிப் பெருகி, உலர்ந்தபின் கல்லாகி, ஸ்க்ரூவையே வளைக்கும் வலிமை பெறுகிறது. இத்தகைய வீட்டில் சுவரைத் தொடாமல் சட்டத்தில் தொங்கும் துணிச் சைலோ, அதாவது பெல்லட்டைச் சேமிக்கும் பெரிய பை, பொருத்துவது நீண்டகாலத் தீர்வு.

நிரப்பும் நாளில் லாரி வருவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே பாய்லரை நிறுத்திவிட வேண்டும். ஊதும்போதும் உறிஞ்சும்போதும் கிடங்கில் ஏற்படும் அழுத்த மாற்றம், எரிந்துகொண்டிருக்கும் தணலைக் கிடங்குப் பக்கம் இழுக்கக்கூடும்.

அறிகுறி: எரிதட்டில் சாம்பல் கட்டியாகிறது

நல்ல பெல்லட்டின் சாம்பல் வெளிர் சாம்பல் நிறத்தில் மாவுபோல் உதிரும். அது உருகி இறுகி, தட்டினால் கண்ணாடிபோல் ஒலிக்கும் கட்டியாக மாறினால், எரிதட்டின் காற்றுத் துளைகள் அடைபட்டு, அடுத்தடுத்துப் பற்றவைப்புப் பிழையும் கரும்புகையும் தொடரும். ஏ1 தரத்தின் சாம்பல் 1200 பாகை செல்சியஸ்வரை உருகத் தொடங்கக்கூடாது. மரப்பட்டையும் மணலும் கலந்த பெல்லட்டில் இந்த வெப்பநிலை குறைந்துவிடுகிறது. ஆனால் பெல்லட்டைக் குறை சொல்லுமுன் எரிதட்டுத் துளைகளைப் பாருங்கள்: அடியிலிருந்து வரும் காற்று தட்டைக் குளிர்விப்பதும் ஆகும், அது குறைந்தால் நல்ல சாம்பலும் உருகும். துப்புரவு செய்த பிறகும் அதே கட்டி வந்தால்தான் எரிபொருள் மேல் ஐயப்பட இடமுண்டு. அப்போது அந்த நிரப்புதலிலிருந்து சிறிது பெல்லட்டையும் ஒரு சாம்பல் கட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு, விநியோகச் சீட்டிலுள்ள தரச்சான்று எண்ணோடு விற்றவரை அணுகுங்கள்.

ஆண்டுக்கு 6 டன் எரிக்கும் வீட்டில் 30 கிலோ அளவில் சாம்பல் சேர்வது இயல்பு. சாம்பல் பெட்டி அதைவிட மிக விரைவாக நிறைந்து, உள்ளே கறுத்த அரைகுறைப் பெல்லட் கிடந்தால், அது சாம்பல் அன்று. எரியாமல் தள்ளப்பட்ட எரிபொருள். காற்றுக்கு மிஞ்சிய அளவில் ஸ்க்ரூ பெல்லட்டைத் தள்ளுகிறது.

அறிகுறி: புகைவாயுவின் வெப்பம் வாரந்தோறும் ஏறுகிறது

வெப்பமாற்றிக் குழாய்களில் சாம்பல் படிவதே காரணம். தானியங்கித் துப்புரவு உள்ள கருவியானால் அந்தக் குழாய்களைச் சுரண்டும் சுருள்கள் அசைகின்றனவா என்று பாருங்கள். கையால் இழுக்கும் நெம்புகோல் உள்ளதானால் அதை வாரம் ஒருமுறையாவது இழுக்க வேண்டும். துப்புரவுக்குப் பின்னும் வெப்பம் இறங்கவில்லை என்றால் புகைபோக்கியின் இழுவை மிகையாக இருக்கலாம். உயரமான பழைய புகைபோக்கிகளில் காற்றடிக்கும் நாளில் இது நிகழும். இழுவைக் கட்டுப்படுத்தி அதற்கான தீர்வு.

அறிகுறி: புகை வாடை, அல்லது எச்சரிக்கைக் கருவி ஒலித்தல்

இங்கு ஆராய்ச்சிக்கு இடமில்லை. சன்னல்களைத் திறந்து, அனைவரையும் வெளியேற்றி, அவசர எண் 112ஐ அழையுங்கள். தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை கார்பன் மோனாக்சைடின் அடையாளங்கள். கருவியைப் பார்ப்பது பிறகு.

பிறகு பார்க்கும்போது, புகைக்குழாய் இணைப்புகளையும் கதவின் கேஸ்கெட்டையும் விசிறியின் இலைகளையும் வரிசையாகப் பாருங்கள். விசிறி இலைகளில் சாம்பல் திரண்டிருந்தால் அது சுழன்றும் இழுக்காது. சிறுதொட்டியின் பக்கமிருந்து புகை வந்தால் அது மிகக் கவலைக்குரியது: தீ பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் மடலோ சுழல்வால்வோ முழுமையாக மூடவில்லை. தொழில்நுட்பர் அதைச் சரிபார்க்கும்வரை பாய்லரைப் பற்றவைக்கக்கூடாது.

ஜெர்மனியில் புகைபோக்கிப் பரிசோதகர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளந்து தரும் தாள், இந்த வகைப் பழுதுகளுக்கு நல்ல முன்னறிவிப்பு. 2015 முதல் நிறுவப்பட்ட பாய்லர்களுக்குக் கார்பன் மோனாக்சைடு ஒரு கன மீட்டருக்கு 0.4 கிராம், தூசி 0.02 கிராம் என்பவை எல்லைகள். எல்லைக்குள் இருக்கிறதா என்பதோடு நில்லாமல், முந்தைய தாளோடு ஒப்பிடுங்கள். எண் இரட்டிப்பானால் காற்றும் எரிபொருளும் பொருந்தாமல் போகத் தொடங்கிவிட்டன. பெரும்பாலும் லாம்ப்டா சென்சார் மூப்படைந்திருக்கும். வெறும் காற்றில் வைத்தால் அது 21 சதவீத ஆக்சிஜனுக்கு நெருக்கமாகக் காட்ட வேண்டும்.

அறிகுறி: புகைபோக்கியில் ஈரமும் கறுப்புக் கறையும்

பழைய செங்கல் புகைபோக்கி, 200 பாகைக்கு மேற்பட்ட புகையை வெளியேற்றிய எண்ணெய் பாய்லருக்காகக் கட்டப்பட்டது. பெல்லட் பாய்லரின் புகை அதில் பாதி வெப்பமே கொண்டிருக்கலாம். அகன்ற குளிர்ந்த சுவரில் அது மேலும் ஆறி, அதிலுள்ள நீராவி படிந்து, தாரோடு கலந்து செங்கல் வழியே மாடி அறைச் சுவரில் பழுப்புக் கறையாக வெளிப்படுகிறது. மேலே வண்ணம் பூசுவது வீண். ஈரம் தாங்கும் உட்குழாய் ஒன்றைப் புகைபோக்கிக்குள் இறக்குவதுதான் தீர்வு. அதன் விட்டத்தை முன்கூட்டியே பரிசோதகரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஈரம் பாய்லருக்குள்ளேயே தோன்றினால் காரணம் வேறு. திரும்பும் நீர் 55 பாகைக்குக் குறைவாக வந்தால் வெப்பமாற்றியின் சுவரில் நீர் படிந்து இரும்பை அரிக்கிறது. அதைத் தடுக்க, சூடான நீரின் ஒரு பகுதியைத் திரும்பும் வழியில் கலக்கும் வால்வு உண்டு. அந்த வால்வுக்குப் பின்னுள்ள வெப்பமானி, பாய்லர் ஓடத் தொடங்கி அரைமணி நேரத்திலும் 55ஐ எட்டவில்லை என்றால் வால்வின் உட்பாகத்தை மாற்ற வேண்டும்.

அறிகுறி: பாய்லர் நன்றாக எரிகிறது, வீடு குளிர்கிறது

பழைய வீடுகளில் மிகுதியாகக் கேட்கப்படும் குறை இது. பாய்லரில் தேடி விடை கிடைக்காததும் இதுவே. நான்கு வெப்பநிலைகளை ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: பாய்லர் நீர், சூடான நீரைச் சேமித்து வைக்கும் பஃபர் தொட்டியின் மேற்பகுதி, ரேடியேட்டர்களுக்குப் போகும் நீர், அங்கிருந்து திரும்பும் நீர். எந்த இரண்டுக்கும் இடையில் வெப்பம் தொலைகிறது என்பதைப் பார்த்தால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

பாய்லர் 75 பாகையில் நின்றும் பஃபரின் மேற்பகுதி 40இல் இருந்தால், இடையிலுள்ள பம்ப் ஓடவில்லை, அல்லது காற்று அடைத்திருக்கிறது, அல்லது மேலே சொன்ன கலப்பு வால்வு சிக்கிக்கொண்டு சூடான நீரைப் பாய்லருக்கே திருப்பி அனுப்புகிறது.

பஃபரின் மேற்பகுதி சூடாக இருந்தும் ரேடியேட்டருக்குப் போகும் நீர் வெதுவெதுப்பாக இருந்தால், ரேடியேட்டர் பக்கமுள்ள கலவை வால்வின் மோட்டாரையும், வெளிவெப்பத்துக்கு ஏற்ப நீரின் வெப்பத்தைத் தீர்மானிக்கும் வெப்ப வளைகோட்டின் அமைப்பையும் பாருங்கள். காப்பிடாத சுவரும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களும் உள்ள வீட்டில், வெளியே மைனஸ் 10 பாகையாக இருக்கும்போது 65 முதல் 70 பாகை நீர் தேவைப்படலாம். புதிய வீட்டுக்கு ஏற்ற வளைகோடு அங்கு போதாது. வெளிவெப்ப சென்சார் வெயில் படும் சுவரிலோ சமையலறைச் சன்னலுக்கு மேலோ இருந்தால், வெளியே இதமாக இருக்கிறது என்று அது கருவியை ஏமாற்றும். அதன் இடம் வடக்குச் சுவர். இரவில் வெப்பத்தை மிகத் தாழ்த்துவதும் இங்கு நன்மை தராது. தடித்த சுவர் ஆறிவிட்டால் காலையில் அதைத் திரும்பச் சூடேற்றவே பாய்லரின் முழு வலுவும் செலவாகிறது.

பஃபர் முழுவதும், மேலும் கீழும், ஒரே 50 பாகையில் நின்றால் அதுதான் பழைய வீட்டின் அசலான நோய். தொட்டியின் மேலே சூடான நீரும் கீழே ஆறிய நீரும் பிரிந்து நிற்க வேண்டும். ரேடியேட்டர்களின் வழியே நீர் அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றினால், வெப்பத்தை இறக்காமலேயே சூடாகத் திரும்பி அந்த அடுக்கைக் கலைத்துவிடுகிறது. தொலைவிலுள்ள அறை குளிர்கிறது என்று பம்பின் வேகத்தைக் கூட்டுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். கூட்டக் கூட்ட அருகிலுள்ள ரேடியேட்டர்களே நீரை விழுங்குகின்றன. செய்ய வேண்டியது நேரெதிரானது: அறைதோறும் தேவையான வெப்பத்தைக் கணக்கிட்டு, அருகிலுள்ள ரேடியேட்டர்களின் வால்வுகளில் நீரளவைக் குறைத்து, பிறகு பம்பையும் தாழ்த்த வேண்டும். இவ்வாறு நீரோட்டத்தைச் சமன்செய்யாமல் பழைய வீட்டில் பெல்லட் பாய்லர் நிறுவியிருந்தால் வேலை பாதியிலேயே நிற்கிறது என்பேன். எல்லா ரேடியேட்டர்களையும் ஒரே குழாய் வரிசையாகக் கடக்கும் ஒற்றைக்குழாய் அமைப்பாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கு நீர் சூடாகத் திரும்புவது அமைப்பின் இயல்பு, எனவே பம்பின் வேகத்தைத் திரும்பும் நீரின் வெப்பத்தைக் கொண்டு கட்டுப்படுத்துவது பலன் தரும்.

சில ரேடியேட்டர்கள் மட்டும் குளிர்ந்திருந்தால் கையால் தொட்டே அறியலாம். மேற்புறம் குளிர்ந்திருந்தால் காற்று; திருகைத் திறந்து வெளியேற்றுங்கள். அடிப்புறம் குளிர்ந்திருந்தால் சேறு. முழுவதும் குளிர்ந்திருந்தால், கோடையில் மூடியே கிடந்த தெர்மோஸ்டாட் வால்வின் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கும். தலையைக் கழற்றி ஊசியை மெதுவாக அழுத்தி விடுவியுங்கள். காற்று அடிக்கடி சேர்கிறது என்றால் அழுத்தம் போதவில்லை. பாய்லர் அறையிலிருந்து மிக உயரத்திலுள்ள ரேடியேட்டர்வரை 8 மீட்டர் என்றால், அழுத்தமானி குளிர்நிலையில் 1.3 பாருக்குக் குறையக்கூடாது. நிரப்பியும் அது இறங்கிக்கொண்டே போனால் கசிவையும், நீர் சூடேறிப் பெருகும்போது அதற்கு இடம் தரும் விரிவுத் தொட்டியையும் சோதியுங்கள்.

ரேடியேட்டரிலிருந்து வடியும் நீர் மைபோல் கறுத்திருந்தால், அது இரும்பு அரித்து உண்டான சேறு. மேல்மாடத்தில் திறந்த விரிவுத் தொட்டி இன்னும் இணைப்பில் இருக்கும் வீடுகளில் காற்றிலுள்ள ஆக்சிஜன் தொடர்ந்து நீரில் கரைவதால் இது ஓயாது. மூடிய விரிவுத் தொட்டிக்கு மாறி, குழாய்களை அலசி, திரும்பும் வழியில் காந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்துங்கள். சேறு அங்கு நிற்காவிட்டால் புதிய பாய்லரின் பம்பில்தான் போய் நிற்கும்.

அறிகுறி: அடிக்கடி பற்றி அணைகிறது

திரையின் விவரப் பட்டியலில் மொத்த ஓட்ட நேரமும் மொத்தப் பற்றவைப்புகளும் இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். ஒரு பற்றவைப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வந்தால் நல்லது. கால்மணி நேரம் என்று வந்தால் கருவி வீணாகத் தேய்கிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் மின்சாரம் செலவாகிறது, புகை மிகுகிறது, இக்னைட்டரின் ஆயுள் குறைகிறது.

முதலில் சென்சார்களைப் பாருங்கள். பஃபரின் மேலுள்ள சென்சார் 50 பாகைக்குக் கீழே இறங்கும்போது தொடங்கி, அடியிலுள்ள சென்சார் 65ஐ எட்டும்போது நிறுத்துவது முறை. இரண்டு கட்டளையும் ஒரே சென்சாரில் இருந்தால், அல்லது அடிச் சென்சார் தன் உறையிலிருந்து நழுவியிருந்தால், தொட்டியின் மேற்பகுதி மட்டும் சூடாகி ஆறும். கோடையில் குளியல் நீருக்காகப் பாய்லரை நாள் முழுவதும் காத்திருக்க விடாமல், ஒரு நாளுக்கு ஒரு நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

சென்சார்கள் சரி என்றால் கருவியின் அளவே வீட்டுக்கு மிகை. பழைய எண்ணெய் பாய்லர் 30 கிலோவாட் என்பதால் பெல்லட் பாய்லரையும் அதே அளவில் வைத்த வீடுகள் உண்டு. அந்த வீடு ஆண்டுக்கு 3000 லிட்டர் எண்ணெய் எரித்திருந்தால், அது 30,000 கிலோவாட் மணி. பழைய பாய்லரின் திறனை 85 சதவீதமாகக் கொண்டு 1800 முழுச்சுமை மணிகளால் (ஓராண்டின் ஓட்டத்தை முழு வலுவில் ஓடிய மணிநேரமாக மாற்றிய கணக்கு) வகுத்தால் ஏறத்தாழ 14 கிலோவாட்தான் வருகிறது. 30 கிலோவாட் பாய்லர் தன் வலுவில் 30 சதவீதம்வரை, அதாவது 9 கிலோவாட்வரைதான் தாழ முடியும். இளவேனிலில் வீட்டுக்கு அதில் பாதியே போதும். இந்த நிலையில் பாய்லரின் உச்ச வலுவைக் கட்டுப்பாட்டில் குறைத்து வைப்பதும், பஃபரைப் பெரிதாக்குவதும் இயன்ற தீர்வுகள். ஜெர்மன் விதி தானியங்கிக் கருவிகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 20 லிட்டர் கேட்கிறது. 30 கிலோவாட்டுக்கு அது 600 லிட்டர். அளவு மீறிய கருவி நிற்கும் வீட்டில் 1000 லிட்டர் வைப்பதே என் பரிந்துரை. வாங்குமுன், தொட்டி நிலக்கீழ் அறையின் படிக்கட்டையும் கதவையும் கடக்குமா என்பதை அளந்து பாருங்கள்.